"முடிஞ்சது" என்று சொன்ன கம்ப்யூட்டர்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது.

வாதி, என் மனைவி ஜெயராணி. விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு டீச்சர். பிரதிவாதி, ஒரு பென் டிரைவ்.

காலாண்டுத் தேர்வு வினாத்தாளை வீட்டுக் கம்ப்யூட்டரில் டைப் செய்து, பென் டிரைவில் போட்டு, வெடுக்கென்று உருவிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் போய்ச் செருகிப் பார்த்தால்... ஃபைலின் பெயர் இருக்கிறது. உள்ளே ஒரு கேள்விகூட இல்லை.

சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"காப்பி ஆயிருச்சுன்னு அதுதானங்க காட்டுச்சு? கம்ப்யூட்டர் எங்கயாச்சும் பொய் சொல்லுமா?"

சொல்லும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் என்னென்னவோ எழுதியாயிற்று. இதை மட்டும் எழுதியதில்லை. இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். பத்தியெல்லாம் எழுத ஆரம்பிக்காத காலம். விருதுநகரில் இருந்துகொண்டு சிவகாசி, சாத்தூர் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்க்ரூ டிரைவர் பை, ஒரு சீடி கவர், பஸ் பாஸ்... இதுதான் என் கம்பெனி.

சிவகாசியில் மைதீன் பாய் என்று ஒரு காலண்டர் அச்சக முதலாளி. சின்ன அச்சகம். பெரிய கம்பெனிகள் எடுக்காத ஆர்டர்களை எடுப்பார். அந்த வருஷம் பக்கத்து ஊர் ஜமாத்துக்கு ஒரு தினசரிக் காலண்டர். ஒவ்வொரு நாள் தாளிலும் அன்றைய தொழுகை நேரங்கள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, அதோடு சூரிய உதயம். வருஷம் முழுக்க. கணக்குப் போட்டால் இரண்டாயிரத்துக்கு மேல் எண்கள்.

அத்தனையையும் டைப் செய்தது மாரீஸ்வரி என்ற பெண். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது. எம். புதுப்பட்டியிலிருந்து அச்சக வேனில் வருவாள். அம்மா பட்டாசு ஃபேக்டரியில் வேலை. அக்காவும் அங்கேதான். வீட்டில் வெடிமருந்து தொடாத முதல் கை இவளுடையது. "கம்ப்யூட்டர் வேலைக்குப் போறா" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாராம்.

பாய் எனக்கு போன் செய்தார். "தம்பி, அந்த தொழுகை ஃபைல் பெருசாயிருச்சு. சேவ் கொடுத்தா மூணு நிமிசம் நாலு நிமிசம் மண்ணு மாதிரி நிக்கிது. ஒரு எட்டு வந்து பாருங்க."

போனேன். பழைய மெஷின். புதிதாக வாங்குங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கோ வித்தை காட்டுகிற வயது. பையில் ஒரு கேஷ் புரோகிராம் இருந்தது. அதைப் போட்டேன்.

அது என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். கதைக்கு அதுதான் அஸ்திவாரம்.

கம்ப்யூட்டருக்குள் எழுதி வைக்க இரண்டு இடங்கள். ஒன்று மெமரி. படுவேகம், ஆனால் கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். இன்னொன்று ஹார்ட் டிஸ்க். கரண்ட் போனாலும் மறக்காது, ஆனால் மெதுவு. உள்ளே ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு சின்னக் கை நகர்ந்து நகர்ந்து இடம் தேடி எழுதும். "கர்... கர்..." என்று சத்தம் கேட்கும், பழைய மெஷின் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

கேஷ் புரோகிராம் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் "சேவ்" என்றதும், எழுத வேண்டியதை வாங்கி மெமரியிலேயே வைத்துக்கொண்டு, "எழுதியாச்சு" என்று பதில் சொல்லிவிடும். நீங்கள் அடுத்த வேலைக்குப் போய்விடலாம். அது பிறகு சாவகாசமாக டிஸ்கில் எழுதும். ஒரே வரியைப் பத்து தடவை மாற்றியிருந்தால் கடைசித் தடவையை மட்டும் எழுதினால் போதும். பக்கத்துப் பக்கத்து இடங்களையெல்லாம் சேர்த்து ஒரே நடையில் முடித்துவிடும். மோசடி இல்லை இது. நல்ல நிர்வாகம்தான்.

ஒரே ஒரு நிபந்தனை. "எழுதியாச்சு" என்று சொன்னதற்கும் நிஜமாகவே எழுதுவதற்கும் இடையில் கரண்ட் போகக்கூடாது.

எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்பதை நாமே வைக்கலாம். அதில் ஐந்து விநாடி என்று இருந்தது. நான் ஐந்து நிமிடம் ஆக்கினேன். ஏன்? தள்ளிப்போடப் போட மெஷின் வேகமாகத் தெரியும். வேறு காரணம் கிடையாது.

மாரீஸ்வரி சேவ் கொடுத்துப் பார்த்தாள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. "என்ன சார், அதுக்குள்ளயா?" என்று சிரித்தாள். பாய் காப்பி வரவழைத்தார். கரண்ட் பற்றிய எச்சரிக்கை அந்தப் புரோகிராமிலேயே இருந்தது. படித்தேன். சொல்லவில்லை. சொன்னால் பாய் பயந்துபோய் வேண்டாம் என்றுவிடுவாரே... காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

பத்து நாள் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை பாயின் குரலில் சுரத்தே இல்லை. "தம்பி, ஒரு சங்கடம். நேர்ல வாங்க."

நான் போனபோது மணி ஐந்துக்கு மேல். அச்சகத்துக்குள் பாய் இருந்தார். ஜமாத்துப் பள்ளிவாசலின் இமாம் இருந்தார். அவரை எல்லோரும் ஹஸ்ரத் என்றே கூப்பிட்டார்கள். மாரீஸ்வரி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். மேஜை மேல் சிவப்பு மையில் சுழித்த புரூஃப் தாள்கள், மூன்று கட்டு.

விஷயம் இதுதான். ஹஸ்ரத்தின் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒன்றுபோலவே இருக்கும். டைப் செய்ததில் நாற்பத்துமூன்று இடத்தில் தப்பு. ரம்ஜான் மாதத்திலேயே நாலைந்து. நோன்புக்கு முன் விடிகாலையில் சாப்பிடுகிற ஸஹர் முடிகிற நேரம் 4.51 என்பது 4.57 ஆகிவிட்டிருந்தது. ஆறு நிமிஷம்தானே என்று நமக்குத் தோன்றும். அந்த ஆறு நிமிஷத்துக்குள் ஒருவர் ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டால் அன்றைய நோன்பு போயிற்று. ஊரே அந்தத் தாளைப் பார்த்துத்தான் நோன்பு வைக்கும்.

ஹஸ்ரத் சுழித்துக் கொடுத்தார். திருத்திய புரூஃப் மறுநாள் காலையில் பிரிண்ட் ஆகிப் போயிற்று. அதே நாற்பத்துமூன்று தப்பு. மறுபடி சுழித்தார். அதே தப்பு. மூன்றாவது தடவையும் அதே நாற்பத்துமூன்று. மனிதர் புறப்பட்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"இந்தப் பிள்ளை தாளைப் பிரிச்சே பாக்கலைங்க பாய்," என்றார். கோபமாகக்கூட இல்லை, சலிப்பாக.

"மூணு தடவையும் திருத்துனேன் சார்," என்றாள் மாரீஸ்வரி. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "சாயங்காலம் உக்காந்து எல்லாத்தையும் போட்டு சேவ் கொடுத்தேன். முடிஞ்சதுன்னு வந்துச்சு. மூடிட்டுத் திரும்பத் திறந்துகூடப் பாத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு சார்."

பாய் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது. இந்தப் பிள்ள திருத்துச்சா இல்லையான்னு மெஷினப் பாத்துச் சொல்ல முடியுமா?"

ஆக, என்னை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஃபைலைப் பார்த்தேன். அது கடைசியாக மாறிய தேதி அதில் இருக்குமல்லவா? பத்து நாளைக்கு முந்தைய தேதி. அதற்கப்புறம் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"ஃபைல் மாறவே இல்லை பாய்," என்றேன்.

சொன்னது உண்மை. சொன்ன மறு நொடியே மனசுக்குள் என்னவோ குறுகுறுத்தது. பத்து நாளைக்கு முன்னால் என்றால்... நான் வந்துபோன அதே நாள்.

யோசிப்பதற்குள் பாய் பேச ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, செய்யலைன்னா செய்யலைன்னு சொல்லியிருக்கலாம். மார்க்க விசயம். நாளையிலருந்து வேற ஆள வச்சுப் பாத்துக்கிறேன். கோவிச்சுக்காத."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மணி ஆறு. மாரீஸ்வரி அழவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பாய் சுவரோரம் போனார். "தம்பி, மெயின எறக்கப் போறேன்." படக். விளக்கு, விசிறி, என் முன்னால் இருந்த திரை... எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன.

"தினமும் இப்படித்தான் நிறுத்துவீகளா பாய்?"

"ஆமா. ஹாரன் அடிச்சா மெயின் எறங்கிரணும். உள்ள பூராம் பேப்பர் தம்பி. நம்ம ஊரு எப்பேர்ப்பட்ட ஊரு?"

வெடி ஊரில் பேப்பர் கிடங்கு வைத்திருக்கிற மனிதர் வேறு எப்படி இருப்பார்? யுபிஎஸ் பாட்டரியும் செத்து ஒரு வருஷமாகியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பகலில் சேவ் செய்த ஃபைல்களெல்லாம் ஐந்து நிமிடத்தில் டிஸ்குக்குப் போய்விட்டன. அதனால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. இவளோ புரூஃப் வேலையைச் சாயங்காலம் செய்து, பழைய மெதுவான காலத்துப் பழக்கத்தில் ஒரே ஒரு தடவை, கிளம்பும்போது சேவ் கொடுத்திருக்கிறாள். எழுதியாச்சு என்று புரோகிராம் சொல்லியிருக்கிறது. திறந்து பார்த்தபோது திருத்தங்களை மெமரியிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறது. ஐந்து நிமிடம் ஆவதற்குள் மெயின் இறங்கியிருக்கிறது. மூன்று சாயங்காலம். மூன்று தடவையும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேன் இன்னும் கிளம்பவில்லை. யாரோ ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. கை காட்டினால் நின்றிருக்கும்.

நான் கை காட்டவில்லை.

ஹஸ்ரத் நிற்கிறாரே, பாய் நிற்கிறாரே, இந்த ஊரில் இனி எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்... இதெல்லாம் ஓடியது. "வரேன் பாய்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம். காலையில் சொன்னாலும் சொன்னதுதானே?

மறுநாள் ஒன்பதரை மணிக்கு அச்சகத்தில் இருந்தேன். பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து விநாடி, ஐந்து நிமிடம், எச்சரிக்கை, காப்பி... ஒன்றையும் விடவில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே கேள்வி.

"நேத்தே தெரியுமா?"

"நீங்க மெயினை இறக்கினதுமே தெரியும் பாய்."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "மூணு வருசமா அந்தப் பிள்ளய எனக்குத் தெரியும்," என்றார். "நீங்க கை வச்ச மெஷின பத்து நாளாத்தான் தெரியும். நான் மெஷினத்தான நம்புனேன். எந்திரிங்க, போவோம்."

மாரீஸ்வரி அன்று வேனில் வரவில்லை. பாயின் மொபெட்டில் நானும் தொற்றிக்கொண்டு எம். புதுப்பட்டி போனோம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "அவளும் இன்னைக்கு ஆத்தாகூட ஃபேக்டரிக்குப் போயிட்டாளே."

ஒரே நாளில்.

ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன் எங்களை நிறுத்தினார். "தீப்பெட்டி, பீடி, செல்லு எதுனாச்சும் இருந்தா இங்கன வச்சிருங்க. உள்ள விட மாட்டேன். ஆளச் சொல்லுங்க, கூட்டியாறச் சொல்றேன்." வெயிலில் நின்றோம். வெள்ளை வேட்டி சட்டையில், தொப்பி போட்ட ஒரு அச்சக முதலாளி பட்டாசு ஃபேக்டரி வாசலில் எதற்காகக் காத்திருக்கிறார் என்று உள்ளேயிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அரை மணி நேரம் கழித்து வந்தாள். கம்பி மத்தாப்பு பாக்கெட் போடுகிற இடத்தில் விட்டிருந்தார்களாம். விரல்களில் வெள்ளிப் பவுடர். கூடவே அவள் அம்மா.

பாய் முந்திக்கொண்டார். "நான் சொன்னது தப்பும்மா. நீ திருத்தியிருக்க. சேவும் கொடுத்திருக்க. மனசுல வச்சுக்காத."

அப்புறம் நான். சரியாகத்தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனாலும் வாய் குழறியது. "மாரீஸ்வரி, நீங்க சொன்னது நிஜம். நான் அந்த மெஷின்ல வச்ச ஒரு செட்டிங்..."

அவள் குறுக்கிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு எதுக்கு சார் சொல்றீக? நான் சேவ் கொடுத்தது எனக்குத் தெரியும். எங்கம்மாகிட்டச் சொல்லுங்க."

அம்மாவைப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. பெற்ற தாயும் மெஷினைத்தான் நம்பியிருக்கிறார். தப்பா அவர்மேல்? கம்ப்யூட்டர் படித்த ஒருவன் வந்து பார்த்துவிட்டு, ஃபைல் மாறவே இல்லை என்று தீர்ப்புச் சொன்னான் என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

"அம்மா, உங்க பொண்ணு ஒரு தப்பும் செய்யலை. செஞ்சது நான்தான்," என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்து, தன் சேலைத் தலைப்பால் அந்தப் பவுடரைத் துடைத்துவிட ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்க அது பரவியதே தவிரப் போகவில்லை. "போயி சோப்புப் போட்டுக் கழுவு. வேலைக்குக் கிளம்பு," என்றார்.

மத்தியானம் அச்சகத்தில் ஹஸ்ரத்தையும் வரவழைத்தோம். அவருக்கு வாயால் சொன்னால் போதாது என்று செய்தே காட்டினேன். ஒரு வரி டைப் செய்து, சேவ் கொடுத்து, மூடித் திறந்து காட்டிவிட்டு, பாயை மெயினை இறக்கச் சொன்னேன். மறுபடி ஏற்றிப் பார்த்தால் அந்த வரி இல்லை. பிறகு தள்ளிப்போடுகிற செட்டிங்கை அடியோடு எடுத்துவிட்டு, அதே வரி, அதே சேவ். டிஸ்க் கர் கர்ரென்று அரைத்து முடித்தது. மெயின் இறங்கியது, ஏறியது. வரி இருந்தது.

ஹஸ்ரத் மாரீஸ்வரி பக்கம் திரும்பினார். "பிள்ளை, நான் சொன்ன வார்த்தையை மன்னிச்சுக்கங்க," என்றார். அதுவரை ஒருமையில் பேசியவர்.

மாரீஸ்வரி தலையை ஆட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஹஸ்ரத் புரூஃப் கட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை. நாலாவது தடவை அல்லவா? நாற்பத்துமூன்றும் மனப்பாடம். எந்த மாதம், எந்தத் தேதி, எந்தத் தொழுகை வக்து, ஒன்றா ஏழா... விரல்கள் தம் பாட்டுக்கு ஓடின. பக்கத்தில் உட்கார்ந்து ஹஸ்ரத் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். கடைசி டிக்கைப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"பாய், எங்க பள்ளிவாசல்ல எனக்கே இம்புட்டு மனப்பாடம் இல்லைங்க."

முந்தின நாளுக்கப்புறம் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

நான் புது மெஷின் வருகிறவரைக்கும் ஒரு யோசனை சொன்னேன். தள்ளிப்போடுவதை இரண்டு விநாடிக்கு வைக்கலாம், ஆபத்தில்லை, ஓரளவு வேகமும் கிடைக்கும்.

"வேணாம் சார்," என்றாள். "நாலு நிமிசம் ஆனா ஆகட்டும். அது எழுதுற சத்தம் என் காதுல விழுகணும்."

காலண்டர் நேரத்துக்கு அச்சாகிப் போனது. அந்த வருஷம் ரம்ஜானில் அந்த ஊர் சரியான நேரத்துக்குக் கை கழுவியது. பாய் புது யுபிஎஸ் வாங்கினார். மெயினை இறக்குகிற வேலையை மாரீஸ்வரியிடம் கொடுத்துவிட்டார். அவள் ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவரை வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். அவள் அசைய மாட்டாள்.

இப்போது அந்த அச்சகத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள். கம்போசிங் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. அம்மா ஃபேக்டரி வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. புது மெஷின்களெல்லாம்கூடத் தள்ளிப்போட்டுத்தான் எழுதுகின்றன. தப்பே இல்லை. எழுதி முடிக்கிறவரை யாரும் கரண்டைப் பிடுங்காமல், ஜெயராணி மாதிரி பென் டிரைவை உருவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மனிதர்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் அந்தந்த நொடியே செய்துவிட முடியாது. கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஆனால் நாம் தள்ளிப்போடுகிற நேரத்தில் யார் வீட்டு மெயின் இறங்குகிறது என்று மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தப்பை ஒத்துக்கொள்ள அன்றைக்கு எனக்குப் பதினைந்தரை மணி நேரம் ஆயிற்று. இப்போதெல்லாம் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான். டீயைக் கொஞ்சம் மெதுவாகக் குடிப்பேன், அவ்வளவுதான்.